அம்மா ஏறிவிட்டார், மகனைக் காணோம்

போன மாதம் மகளைப் பார்க்கப் புனேவுக்குக் கிளம்பினேன். ஓய்வு பெற்ற பிறகு பெங்களூரு விமான நிலையத்துக்குப் பயணியாகப் போனது அதுதான் முதல்முறை. இருபத்தொன்பது வருடம் கழுத்தில் அடையாள அட்டையோடு நுழைந்த இடத்தில் கைப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் போய், கேட்டுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். கூப்பிடட்டும், எழுந்து போகலாம் என்று காத்திருந்தேன். பக்கத்துக் கடையில் காபி இயந்திரம் உறுமியது. குழந்தை ஒன்று அழுது ஓய்ந்தது. யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். எனக்குக் கீழே வேலை பார்த்து இப்போது அந்த இடத்துக்குப் பொறுப்பாளராகிவிட்ட ஷாஹீன்.

“பிலோ மேடம், எல்லாரும் ஏறிட்டாங்க. நீங்கதான் கடைசி.”

விமானம் ஏறச் சொல்லி மைக்கில் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்களாம். திரையைப் பார்த்து அவரவர் எழுந்து போக வேண்டுமாம். எத்தனையோ ஆயிரம் பேரை ‘கடைசி அழைப்பு’ என்று பெயர் சொல்லி விரட்டியவள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு வரிசையே இல்லாத வரிசையில் போனேன். உள்ளே விடும் முன் ஷாஹீன் என் கையைப் பிடித்து ஒன்று கேட்டாள். மதுரை அம்மாவின் கதையை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் தான் சொன்னால் யாரும் நம்புவதில்லையாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிலோமினா. கன்டோன்மென்ட் பக்கத்தில் பிறந்து தொம்மலூரில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் வாசகம் வாசித்துப் பழகியிருந்ததால் மைக்கைக் கண்டு பயம் கிடையாது. ஒரு விமானக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். இங்கிலீஷ், கன்னடம், தமிழ், கொஞ்சம் இந்தி என்று நாலையும் தடுமாறாமல் வாசித்தேன். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அப்போது விமான நிலையம் எங்கள் தொம்மலூர் பக்கமே இருந்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். விமானம் மேலே எழும்பும்போதெல்லாம் சமையலறைத் தட்டுகள் கிடுகிடுக்கும். பிறகு நிலையம் ஊருக்கு வெளியே தேவனஹள்ளிப் பக்கம் போனதும் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று கம்பெனி வேனில் பாதி ஆயுள் கழிந்தது.

ஆறு வாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கமாகச் சொன்னால், பெயரைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும், தலையைச் சரியாக எண்ண வேண்டும், கத்துகிறவர் முன்னால் கத்தக்கூடாது. மற்றதையெல்லாம் நஞ்சுண்டப்பா சாரிடம்தான் பார்த்துக்கொண்டேன்.

நஞ்சுண்டப்பா சார் எங்கள் டியூட்டி மேனேஜர். மண்டியாக்காரர். ஒல்லியான ஆள், தொளதொளவென்று கோட்டு. அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோட்டுப் பையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு பயணி மேசையைத் தட்டி, “நான் யாரு கொத்தா?” என்று கேட்டுவிட்டால் போதும், சார் அந்த நோட்டை எடுப்பார், பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் சொருகுவார், மிகுந்த அக்கறையோடு, “ஹேளி சார், பர்கொத்தீனி” என்பார். சொல்லுங்கள் சார், எழுதிக்கொள்கிறேன்.

நான் யார் தெரியுமா என்று கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குப் பதில் தயாராக இருக்காது. மிரட்டத்தான் கேட்டிருப்பார்கள். சார் விடமாட்டார். பெயர், அதற்கு ஸ்பெல்லிங், இனிஷியல், இனிஷியலின் விரிவு, என்ன பதவி, அது நிரந்தரமா தற்காலிகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முத்து முத்தாக எழுதுவார். ஒருவர் மந்திரிக்கு வேண்டியவர் என்றார். எந்த வகையில் வேண்டியவர் என்று கேட்டு, அதற்கு ஒரு வரி இடம் விட்டுக் காத்திருந்தார் சார். கடைசியில் அந்த மனிதர், மந்திரி வீட்டுக்கு மார்பிள் போட்டவர் தன் மச்சான் என்று ஒப்புக்கொண்டார். சார் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த இருபத்தொன்பது வருடத்தில் எத்தனை விதமான மனிதர்கள். ஒரு டாக்டர் இருந்தார், வாரா வாரம் மும்பைக்குப் போவார். கேட்டுக்கு நேர் எதிரே, என் கண்ணில் படும்படியே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எல்லாரும் ஏறிவிடுவார்கள், அவர் மட்டும் அசையமாட்டார். மூன்றாவது முறை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பேப்பரை நான்காக மடித்து, நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து வருவார். ஒருநாள் பொறுக்காமல், எதிரிலேயே இருக்கிறவர் முதலிலேயே வரலாமே என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர், போன வாரம் நான் கூப்பிட்டபோது ‘டாக்டர்’ என்பதை விட்டுவிட்டதாகவும், இனி அப்படி நடக்கக்கூடாது என்றும் சொன்னார். பிறகு விசாரித்ததில் அது மருத்துவம் படித்த டாக்டர் பட்டமும் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கியதும் இல்லை. யாரோ ஒரு சங்கத்தார் சால்வையோடு சேர்த்துக் கொடுத்தது.

திருமணக் கோஷ்டி ஒன்று முதல் ஆளாக உள்ளே போய், முன்வரிசையில் ஆறு இருக்கைகளில் கர்ச்சீப்பும் துண்டும் போட்டு இடம் பிடித்துவிட்டது. அந்த இடத்துக்குரிய பயணி வந்து தன் சீட்டைக் காட்டினார். கோஷ்டித் தலைவர் கோபப்படவில்லை. துண்டைத்தான் காட்டினார். துண்டு இருக்கிறதே, பார்க்கவில்லையா என்று அவரையே நியாயம் கேட்டார். இன்னொருவர், கடைசி வரிசைக்காரர்கள் முதலில் வரலாம் என்று நான் அறிவித்தபோது கோபத்தோடு வந்தார். அவர் இரண்டாம் வரிசை. இரண்டு பெரியதா இருபத்தெட்டு பெரியதா என்று கேட்டார். ரேங்க் பட்டியலில் எந்த எண் முதலில் வரும் என்றும் கேட்டார்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்து வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நானும். ஆனால் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு தடவை சிரிக்க முடியாமல் போயிற்று. பெரிய அதிகாரி ஒருவர் வழியில் இருக்கிறார், எட்டு நிமிடம் பொறுத்துக்கொள் என்று யாரோ போனில் அதட்டினார்கள். பயந்து பொறுத்துக்கொண்டேன். எட்டு நிமிடத்தில் அவர் வந்துவிட்டார், நன்றி என்றுகூடச் சொன்னார். ஆனால் அந்த எட்டு நிமிடத்தில் விமானத்துக்கு ஓடுபாதையில் ஒதுக்கியிருந்த நேரம் போய்விட்டது. புறப்பட ஐம்பது நிமிடம் தாமதமானது. அதில் இருந்த ஒருவர் மும்பையில் இறங்கி வளைகுடாவுக்கு விமானம் மாற வேண்டியவர். முதல் வேலை, முதல் பயணம். அந்த விமானம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மறுநாள் திரும்பி வந்து எங்கள் கவுன்டரில் நின்றார். நஞ்சுண்டப்பா சார் என்னைத் திட்டவில்லை. அந்த ஆளுக்கு மறு சீட்டுப் போடும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த ஆள் சத்தமே போடவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பெயரைச் சொன்னார். நான் தட்டச்சு செய்தேன்.

இனி மதுரை அம்மாவின் கதை.

ஓய்வுக்கு நான்கு வருடம் இருந்த சமயம். காலை பதினொன்று பத்துக்கு மதுரை விமானம். எங்கள் கம்பெனிக்கு அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். பத்து இருபதுக்கு கேட்டைத் திறந்தோம். வரிசையில் முதல் ஆளாக ஓர் அம்மா நின்றார். எழுபத்துநான்கு வயது. பருத்திப் புடவை, தோளில் கறுப்புக் கைப்பை, கையில் போர்டிங் பாஸும் ஆதார் அட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். பெயர் ஜெயலட்சுமி. பக்கத்தில் மகன். ஐம்பதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, இரண்டு கைபேசி. பெயர் ரகுநந்தன், வீடு கட்டி விற்கிறவர். எங்களோடு நிறையப் பயணம் செய்பவர் என்பதால் முகம் தெரியும்.

அவர் அம்மாவை ஷாஹீனிடம் ஒப்படைத்து, உள்ளே கூட்டிப்போய் உட்கார வைக்கும்படியும், தான் இரண்டு நிமிடத்தில் வருவதாகவும் சொல்லிவிட்டு, லிப்ட் பக்கம் நடந்தார். மேல்மாடியில் லவுஞ்ச் இருந்தது. அட்டை வைத்திருப்பவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடம்.

பத்து முப்பத்தைந்துக்கு ஒருமுறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பத்து நாற்பதுக்கு ஒருமுறை. பிறகு ஷாஹீனை மேலே அனுப்பினேன். பத்து நாற்பத்தைந்துக்குக் கடைசி முறையாகக் கூப்பிட்டு கேட்டை மூடினேன். எண்ணிப் பார்த்தால் ஒரு தலை குறைந்தது. நான்காம் வரிசை ஜன்னல் இருக்கையில் அம்மா இருந்தார், பக்கத்து இருக்கை காலி.

ஷாஹீன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

“வரமாட்டேங்கிறாரு மேடம். தோசை பாதிதான் ஆயிருக்குதாம். அம்மாவ உள்ள ஒக்கார வெச்சிருக்கேன், பிளைட் எங்க போயிரும்னு கேக்கறாரு. ரெண்டாவது காபி வேற சொல்லியிருக்காரு.”

எத்தனையோ சாக்குகள் கேட்டிருக்கிறேன். பஸ்ஸில் துண்டு போடுவதைப் போல விமானத்தில் அம்மாவைப் போட்டு இடம் பிடித்தவரை அன்றுதான் பார்த்தேன்.

நஞ்சுண்டப்பா சாரை வாக்கிடாக்கியில் கூப்பிட்டுச் சொன்னேன். பட்டியலில் பெயரை அடித்துவிடு, பெட்டியை இறக்கச் சொல், நான் வருகிறேன் என்றார்.

பெட்டி விஷயம் வெளியாட்களுக்குத் தெரியாது. ஒருவர் சரக்கில் பெட்டி போட்டுவிட்டு விமானம் ஏறவில்லை என்றால், அந்தப் பெட்டியை விட்டுவிட்டுத்தான் விமானம் போக வேண்டும். பாதுகாப்பு விதி. நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே குறிப்பிட்ட எண் போட்ட ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும். கீழே சுமைதூக்குகிறவர்கள் வெயிலில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். ஏற்றியது எவ்வளவு எடை, எத்தனை தலை என்ற தாளை மறுபடி எழுதி கேப்டனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கதவைப் பதினொன்று ஐந்துக்குள் சாத்தினால்தான் எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் நகர முடியும்.

பத்து ஐம்பத்தாறுக்கு ரகுநந்தன் வந்தார். ஓடி வரவில்லை. பல்லிடுக்கில் குச்சி வைத்துக்கொண்டு நடந்து வந்து போர்டிங் பாஸை நீட்டினார். பெயரை அடித்தாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கண்ணாடி வழியாக வெளியே கைகாட்டினார். விமானம் நின்றுகொண்டிருந்தது.

அவருடைய பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பதால்தான் அது நின்றுகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கும் மனம் ஆடியது. பெட்டி இன்னும் கிடைக்கவில்லை என்றால் ஆளை ஏற்றிவிடுவதே வேகம். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனேன். நான் பேசுவதற்குள் கீழேயிருந்து குரல் வந்தது. பெட்டி கிடைத்துவிட்டது, கீழே இறக்கியாகிவிட்டது. இனி அவரை ஏற்றினால் பெட்டியும் ஏற வேண்டும், தாளும் மாற வேண்டும், ஒதுக்கிய நேரமும் போய்விடும். முடியாது என்றேன்.

அவர் முதலில் இங்கிலீஷில் கத்தினார். பிறகு கன்னடத்துக்கு மாறி, தான் யார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். என் சட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, ஷாஹீனிடம் நான் பேசியதையும் கவனித்துவிட்டு, சட்டென்று குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு வந்தார். “நீங்க நம்மாளுதானா. மொதல்லயே சொல்லக்கூடாதா? தொறங்கம்மா.” இந்த ஊரில் எல்லா மொழியிலும் கெஞ்சலாம், எல்லா மொழியிலும் மிரட்டலாம். நான் எந்த மொழியிலும் திறக்கவில்லை.

அதற்குள் நஞ்சுண்டப்பா சார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டு வெளியே வந்தது. பேனா மூடி பின்பக்கம் போயிற்று.

“ஹேளி சார்.”

ரகுநந்தன் பெயரைச் சொன்னார். சார், அதில் ஹெச் இருக்கிறதா, இருந்தால் எந்த எழுத்துக்குப் பிறகு என்று கேட்டார். இனிஷியல் எம் என்றார் ரகுநந்தன். எம்முக்கு விரிவு என்ன என்றார் சார். மாணிக்கம் என்று எழுதி முடிப்பதற்குள் ரகுநந்தன் யாரையோ போனில் பிடித்துவிட்டார். அடுத்த நிமிடம் சாரின் போன் அடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து எங்களுக்கெல்லாம் மேலே இருந்த ஒருவர். சார் எழுந்து நின்று, பயணியின் விவரங்களைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுதி முடித்ததும் அனுப்புகிறேன் என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

அப்போதுதான் ரகுநந்தன் கடைசித் துருப்புச் சீட்டை இறக்கினார். அம்மா தனியாக விமானத்தில் போனதே இல்லை. பயந்துவிடுவார். இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு. அவரை உடனே இறக்குங்கள் என்றார். அம்மா கேட்டால் இறக்கத்தான் வேண்டும், இறக்கினால் எப்படியும் தாமதம், தாமதமானால் இருவரையும் ஏற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. அம்மாவே சொல்லட்டும் என்று அவருக்குப் போன் செய்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே அறிவிப்பு வந்திருக்கும், அந்த அம்மா உடனே அணைத்திருப்பார்.

சார் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் உள்ளே ஓடினேன்.

விமானக் கதவு வரை நீளும் ஏரோபிரிட்ஜில் ஓடும்போது எனக்கு இரண்டு யோசனை. ஐம்பதைத் தாண்டிய வயதில் விசாரணை, குற்றச்சாட்டு என்று போய் நிற்க வேண்டுமா என்று ஒரு பக்கம். உண்மையிலேயே அந்த அம்மா பயந்து அழுதுகொண்டிருந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கம்.

அவர் அழவில்லை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, எதிர் இருக்கைப் பையிலிருந்த பாதுகாப்பு அட்டையை எடுத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். மகன் தாமதமாக வந்துவிட்டார், ஏற்ற முடியாது, அவர் இல்லாமல் நீங்கள் போக முடியாது என்று உங்களையும் இறக்கச் சொல்கிறார் என்றேன்.

அட்டையை மடியில் வைத்தார். “நான் எறங்கணும்னு ரூல்ஸ் இருக்கா?”

“இல்லம்மா. உங்க விருப்பம்தான்.”

“எறங்கினா எவ்ளோ லேட்டாகும்?”

இருபது நிமிடம், அதற்கு மேலும் ஆகலாம் என்றேன். அவர் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தார். விஷயம் தெரியாமலே எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. மகன் பெயரில் இருந்த பெட்டியை இறக்கிவிட்டோம் என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. அதில் அவருடைய துணிமணி எல்லாம் இருந்தது. மதுரையில் தங்கை பேத்திக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு வைத்துக் கொடுக்க வாங்கிய பட்டுப் புடவையும் அதில்தான். குடும்பத்தில் மூத்தவர் இவர். தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டியவர். நாலரைக்குள் நல்ல நேரம்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே அவருடைய பெட்டி தனியாக ஒரு வண்டியில் நின்றது. அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

“பொடவ நாளைக்கு வந்தாலும் பொடவதான்,” என்றார். “நான் நாளைக்குப் போனா விருந்தாளி.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “முப்பத்தாறு வருஷம் இந்த ஊர் கவர்மென்ட் ஆபீஸ்ல வேல பாத்தேம்மா. பத்தரைக்கு ரெஜிஸ்டர உள்ள எடுத்துருவாங்க. ஒருநாள் கூட என் பேருக்கு நேரா செவப்பு மை பட்டதில்ல. இவன் பொறந்ததுகூட ஒரு கவர்மென்ட் லீவு நாள்ல. அன்னைக்கு ஒருநாள்தான் அவன் டைமுக்கு வந்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து, வாழையிலையில் மடித்துச் செய்தித்தாளில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

“இட்லி. மொளகாப்பொடி தடவியிருக்கேன். அவன் பங்கு இது. பசி தாங்க மாட்டான். நீங்க கதவ சாத்துங்க.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பியவளை மறுபடி கூப்பிட்டார். குரல் இப்போது கொஞ்சம் இறங்கியிருந்தது. “அங்க எறங்கி எந்தப் பக்கம் போகணும்? நான் தனியா போனதில்ல.” பாதுகாப்பு அட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். மதுரையில் எங்கள் ஆள் ஒருவர் கதவருகே காத்திருந்து, தங்கை வீட்டுக் கார் வரை கூட்டிப்போவார் என்று சொன்னேன். வெளியே வந்ததும் முதல் வேலையாக அதற்கு ஏற்பாடும் செய்தேன். என் பின்னாலேயே விமானத்தின் கதவு சாத்தப்பட்டது. பதினொன்று மூன்று.

கேட்டில் சார் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். முகவரியின் பின்கோடு வரை வந்திருந்தார். நான் ரகுநந்தனிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். அம்மா போகிறேன் என்றார், மதுரை சேர்ந்ததும் போன் செய்வார், இது உங்கள் பங்கு என்றேன். அவர் அதை வாங்கி, இதென்ன என்பதுபோல் புரட்டிப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே விமானம் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அவர் பெட்டியை எங்கே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஷாஹீனிடம் கேட்டுக்கொண்டு போனார். கையில் பொட்டலம் இருந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. இரண்டாம் நாள் புகார் வந்தது. மூன்று பக்கம். தன் சம்மதம் இல்லாமல், நோயாளியான தன் தாயாரை எங்கள் கம்பெனி மதுரைக்குக் கடத்திச் சென்றுவிட்டதாக எழுதியிருந்தார். பெயர் குறிப்பிட்டு நடவடிக்கை கேட்டிருந்தது என்மேல்தான். தலைமை அலுவலகத்திலிருந்து போனில் பேசியவர் அதை விடுவதாக இல்லை. விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது. பதினோரு நாள் கேட் வேலையிலிருந்து எடுத்து உள்ளே ஓர் அறையில் பழைய தாள்களை அடுக்கச் சொன்னார்கள். காலையில் என் கணவர் டிபன் டப்பாவை வழக்கத்தைவிட இறுக்கமாக மூடிக் கொடுத்தார்.

நஞ்சுண்டப்பா சார் அனுப்பிய அறிக்கையில் ஒரு வாக்கியம்கூட எனக்காக வாதாடவில்லை. வெறும் நேரங்கள். பத்து முப்பத்தைந்து முதல் அழைப்பு, பத்து நாற்பத்தைந்து கடைசி அழைப்பு, பத்து நாற்பத்தேழு பயணி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பத்து ஐம்பத்தேழு பெட்டி இறக்கப்பட்டது என்று ஒரு பக்கம்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண் அதிகாரி என்னிடம் கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு தாளை நீட்டிப் படிக்கச் சொன்னார். கன்னடத்தில் சுத்தமான ஆபீஸ் நடையில் ஒரு கடிதம். விஷயம் என்று போட்டு, ‘என்னைக் கடத்தியதாகச் சொல்லப்படுவது பற்றி’ என்று இருந்தது. பார்வை என்று போட்டு, ‘என் மகனுடைய புகார், நாள் இன்னது’ என்று இருந்தது. கீழே எண் போட்ட பத்திகள். தான் நல்ல நினைவோடு, சுய விருப்பத்தில் பயணம் செய்ததாக முதல் பத்தி. விமானம் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்ததாக இரண்டாவது. தட்டு தன் கையால் கொடுக்கப்பட்டதாக மூன்றாவது. நான்காவது பத்தியில், இந்த வயதில் தன்னை யாராவது கடத்துவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று கையெழுத்து. அதற்குக் கீழே, நகல்: திரு. எம். ரகுநந்தன், தகவலுக்காக.

படித்து முடித்து நிமிர்ந்தபோது மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அதிகாரி மட்டும் உதட்டைக் கடித்திருந்தார். மறுநாளே கேட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அதே மதுரை விமானம். கேட்டைத் திறப்பதற்குக் கால் மணி முன்பே வரிசையில் முதல் ஆளாக ஜெயலட்சுமி அம்மா நின்றிருந்தார். தோளில் அதே கறுப்புக் கைப்பை. பெட்டி இந்த முறை அவர் பெயரிலேயே போயிருந்தது. தங்கையின் மூத்த பேத்திக்கு வளைகாப்பாம். இதற்கு நடுவில் இரண்டு தடவை தனியாகப் போய்விட்டு வந்துவிட்டாராம். ஜன்னல் இருக்கைதான் கேட்டு வாங்குவாராம். பேச்சுக்கு, மகன் வரவில்லையா என்று கேட்டேன்.

“வரேன்னான். டிக்கெட் கெடைக்கலன்னு சொல்லிட்டேன்,” என்று போர்டிங் பாஸை நீட்டினார்.

அன்றைக்கு அந்த விமானத்தில் பாதி இருக்கை காலி.